மீட்டரில் தெரிந்த டோன்

மோட்டாரைக் கண்ணால் பார்க்காமலே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லக்கூடிய ஆள் திண்டுக்கல்லில் நான் ஒருத்தன்தான் என்று சொன்னால் அது பொய். இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் எழுத உட்காரவில்லை என்பதால் இந்தப் பக்கங்களில் மட்டும் நான் ஒருத்தன்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் மோட்டார் வைண்டிங் பட்டறை இருக்கிறது. எங்கள் என்றால் நானும் என் மனைவியும். தோட்டத்துக் கிணறுகளில் எரிந்துபோன மோட்டார்கள் மினி வேனில் வரும், டவுன் பஸ்ஸின் பின்படியோரம் உட்கார்ந்து வரும், சில நேரம் மொபெட்டில் முன்னால் நின்றுகொண்டு பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி வரும். உள்ளே கருகிக் கிடக்கும் செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பியைக் காயிலாகச் சுற்றி இறக்கி, வார்னிஷில் முக்கிக் காயவைத்துத் திருப்பிக் கொடுப்போம். கழற்றுவது, மாட்டுவது, வாடிக்கையாளரிடம் பேசுவது என் பொறுப்பு. காயில் சுற்றுவது அவள் பொறுப்பு. அதாவது வேலை அவளுடையது, வாய் என்னுடையது. இதைப் படித்தால் எப்படியும் அவள் சொல்லப்போகிறாள் என்பதால் நானே முந்திக்கொண்டேன்.

காது மட்டும் சத்தியமாக என்னுடையது.

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சம்சாரி போன் போடுவார். வெங்காயமும் செண்டுப் பூவும் போடுகிறவர். மோட்டாருக்கு ஒன்றென்றால் பொண்டாட்டிக்குச் சொல்வதற்கு முன்னால் எனக்குச் சொல்கிற மனுஷன். "அப்பு, மோட்டார் ஒரு மாதிரி மொனங்குது. செத்த கேளு" என்று சொல்லிவிட்டுப் போனை மோட்டார்மேலேயே வைத்துவிடுவார். நான் கண்ணை மூடிக்கொள்வேன். பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறதா, இல்லையா. மோட்டார் சுற்ற முடியாமல் உறுமுகிறதா, சுற்றிக்கொண்டே அழுகிறதா. பேரிங் போயிருந்தால் ஒரு கரகரப்பு வரும், பொரிகடலையைச் செருப்புக் காலால் மிதித்த மாதிரி. மூன்று பேஸ் கரண்டில் ஒன்று வரவில்லையென்றால் அடித்தொண்டையில் ஒரு ம்ம்ம். அரை நிமிஷம்கூட ஆகாது. வியாதியின் பேர் தானாக வாய்க்கு வந்துவிடும். எப்படி வருகிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதைப் பற்றி நான் யோசித்ததும் இல்லை. யோசித்திருந்தால் அதுவும் கெட்டுப்போயிருக்கும்.

இப்படி ஒரு காதை வைத்துக்கொண்டு என் கிட்டார் விஷயத்தில் நான் அடித்த கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

பட்டறைக்கு வெளியே எனக்கு இன்னொரு முகம் உண்டு. ஊரில் ஒரு மெல்லிசைக் குழுவில் பதினைந்து வருஷமாக நான்தான் கிட்டார். கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து, கோயில் திருவிழா, பூப்புனித நீராட்டு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். குழுவை நடத்துகிறவர் பேகம்பூர் பாய். தோல் வியாபாரம் பார்க்கிறார், கீபோர்டு வாசிக்கிறார். அவருக்கு நான் மாப்ள, எனக்கு அவர் பாய். எங்கள் ஊரில் இந்த உறவுக்கு வேறு சான்றிதழ் தேவையில்லை.

முதல் பத்து வருஷம் எனக்கு கிட்டாரைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஒயரைச் சொருகுவேன், சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்பில் இருக்கிற குமிழ்களைக் காதுக்குப் பிடித்த மாதிரி திருகுவேன், வாசிப்பேன், பந்தியில் சாப்பிடுவேன், வீட்டுக்கு வருவேன். ஆட்கள் கை தட்டினார்கள். அதன்பிறகு போனில் வீடியோ சல்லிசாகக் கிடைக்க ஆரம்பித்தது. அறிவு வந்துவிட்டது.

கிட்டாரின் உடம்பு எந்த மரம் என்பதில்தான் டோன், அதாவது சத்தத்தின் குணம், இருக்கிறது என்றார் ஒருவர். நான் தச்சு ஆசாரி ஒருவரிடம் என் கிட்டாரைக் கொண்டுபோய் இது என்ன மரம் என்று கேட்டேன். அவர் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, பிளைவுட்டு என்றார். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மரத்தில் இல்லை, ஒயரில் இருக்கிறது என்றார் இன்னொருவர். கரண்டு எந்தப் பக்கமாக ஓடவேண்டும் என்று அம்புக்குறி போட்ட ஒயர் வாங்கினேன். வாழ்நாள் முழுக்கக் கரண்டோடு மல்லுக்கட்டுகிறவன் நான். அது அம்புக்குறி பார்த்து ஓடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் வாங்கினேன். சத்தத்தை வேறு மாதிரி மாற்றுகிற எஃபெக்ட் பெட்டிக்குப் புது பேட்டரியைவிடப் பாதி தீர்ந்த பேட்டரி போட்டால்தான் டோன் இனிக்கும் என்று மூன்றாமவர் சொன்னார். பட்டறையில் தூக்கிப்போட வைத்திருந்த பேட்டரிகளையெல்லாம் பொறுக்கித் துணிப்பையில் சேர்த்தேன். வேடசந்தூரில் ஒரு திருவிழாவில், டூயட்டின் நடுவே, இனித்துக்கொண்டிருந்த பேட்டரி செத்துப்போனது. மேடையில் பாடகி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் எந்த இனிப்பும் இல்லை.

இதெல்லாம் சில்லறைப் பைத்தியம். பெரிய பைத்தியம் போன தை மாசம் பிடித்தது.

கிட்டாரில் தந்திகளுக்கு அடியில், பாதி சோப்புக்கட்டி அளவில் ஒன்று பதிந்திருக்கும். பிக்கப் என்று பேர். உள்ளே காந்தம். அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. தந்தி அதிர்வதைக் கரண்டாக மாற்றி ஆம்ப்புக்கு அனுப்புவது அதுதான். என் கிட்டாரின் பிக்கப் ஒரு நாள் ஊமையாகிவிட்டது. கம்பி உள்ளே எங்கேயோ அறுந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் புதிதாக ஒன்று வாங்கி மாட்டியிருப்பார்கள். ஆனால் ஊருக்கெல்லாம் காயில் சுற்றுகிறவன் தன் கிட்டாருக்குக் கடையில் காயில் வாங்கினால் என்ன மரியாதை? பிரியாணிக் கடைக்காரர் எதிர்க் கடையில் போய்ப் பார்சல் வாங்கின கதையல்லவா.

நானே சுற்ற உட்கார்ந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. பழைய கம்பியை அறுத்து எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, நோட்டில் குறித்துவிட்டுத்தான் புதுக் கம்பியைத் தொடவேண்டும். முப்பது வருஷம் அனுபவம் உள்ளவனும் எண்ணுவான், நேற்று வந்தவனும் எண்ணுவான். நான் எண்ணவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின நாள்தான், சுற்று கூடக் கூடச் சத்தத்துக்குப் பலம் கூடும் என்று ஒரு வீடியோ பார்த்திருந்தேன். மோட்டாரில் அளவுக்கு மேல் சுற்றினால் மோட்டார் மந்தமாகிவிடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இது மோட்டார் இல்லையே, இசையாயிற்றே. டிரில் மெஷினில் பிக்கப்பை மாட்டி, மெல்லிய கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது கொள்ளுகிற மட்டும் சுற்றினேன். மூட்டை கட்டுகிறவன் சாக்கை அமுக்குவதுபோல அமுக்கி அமுக்கிச் சுற்றினேன். என் மனைவி வந்து எட்டிப் பார்த்து எத்தனை சுற்று என்று கேட்டாள். நிறைய என்றேன்.

வார்னிஷில் முக்கி இறுக்கிவிடலாம் என்று பார்த்தால் அன்றைக்கு வார்னிஷ் தீர்ந்துபோயிருந்தது, கொண்டுவருகிறேன் என்று சொன்ன கடைக்காரரும் வரவில்லை. அப்படியே மாட்டிவிட்டேன். அன்று வார்னிஷ் கொண்டுவராமல் ஏமாற்றிய அந்தக் கடைக்காரர் குடும்பம் நல்லா இருக்கணும். ஏன் என்று பின்னால் தெரியும்.

மல்டிமீட்டரை வைத்துக் கம்பியின் தடையை அளந்து பார்த்தேன். பழைய பிக்கப்புகள் காட்டுகிறதைப்போல ஒன்றரைப் பங்குக்கு எண் ஏறி நின்றது. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த பெருமை, எங்களுக்கு மூத்தவள் பிறந்தபோது வந்த பெருமைக்கு ஒரு அரை இஞ்சுதான் குறைவு.

கிட்டாரை ஆம்ப்பில் சொருகி வாசித்தேன். யாரோ போர்வைக்குள் படுத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், என் காது ஏதோ சொல்ல வாயெடுத்தது. நான் மீட்டரை இன்னொரு தரம் பார்த்தேன். காது வாயை மூடிக்கொண்டது. இந்த மாதிரிச் சத்தத்துக்கு ஒரு பேரும் வைத்தேன்: கனமான டோன்.

ஒத்திகைக்குப் போனேன். தாளத்துக்கு ரிதம் பேட் வாசிக்கிறவர் எங்கள் குழுவின் கேலிக்குப் பொறுப்பாளர். முதல் பாட்டு முடிந்ததும் எழுந்து வந்து, என் ஆம்ப்பைச் சுற்றி ஒரு நடை நடந்து, குனிந்து காது வைத்தார். "அண்ணே, உள்ள யாரோ அடச்சுக் கெடக்காக. தெறந்து விடுங்க, பாவம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு அவருக்குச் சுற்றுக்கும் சத்தத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கினேன். அவர் பாதியிலேயே சிகரெட் பிடிக்கப் போய்விட்டார். அவருக்குச் சிகரெட் பழக்கமே கிடையாது.

இப்படியே மூன்று மாசம். எல்லோர் சத்தத்தையும் கலக்கிற மிக்ஸிங் பெட்டியில் உட்காருகிறவர் என் சத்தத்தைக் கூட்டுவார். கூட்டினால் போர்வை கம்பளியாகும். பாடகர் தடுமாறுவார், பாய் உதட்டைக் கடிப்பார். நான் மட்டும் கனத்தில் மிதந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் நத்தம் கல்யாணம் வந்தது. மாந்தோப்புக்காரர் வீட்டுக் கல்யாணம். பெண்ணின் அப்பாவான அவருக்கு கிட்டார் சத்தம் என்றால் உயிர். அவருக்கு வேண்டிய பாட்டுகளை அவரே எழுதிக் கொடுத்திருந்தார். எல்லாமே நடுவில் நீளமாக கிட்டார் வருகிற பாட்டுகள். இந்தக் கல்யாணம் நன்றாக அமைந்தால் நத்தம் பக்கம் முழுக்க நம் குழுதான் என்று பாய் சொல்லிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஒரு நாள் பாய் தன் தோல் கிடங்குக்கு வரச் சொன்னார். டீ சொன்னார். பாய் டீ சொல்லிவிட்டுப் பேசினால் விஷயம் நல்லதில்லை.

"மாப்ள, மதுரையில ஒரு கிட்டார்காரரக் கேட்டுருக்கேன். ஞாயித்துக்கெழம வாராரு. பொண்ணோட அப்பாவும் கேக்க வாராரு. நீயும் வா. யாரு வாசிக்கிறது அவருக்குப் பிடிக்குதோ அவுக முன்னாடி நிக்கட்டும்."

"மத்த ஆளு?"

"பின்னாடி நின்னு தாளத்துக்குச் சும்மா ஸ்ட்ரோக் போடட்டும்."

அந்த மத்த ஆள் யார் என்பது டீ கிளாஸுக்கே தெரிந்திருந்தது. இந்த ஒரு கல்யாணத்தோடு போகிற விஷயமும் இல்லை. ஒரு தடவை பின்னால் போய் நின்றவனை யாரும் திரும்ப முன்னால் கூப்பிட்டதில்லை. எங்கள் குழுவிலேயே இரண்டு பேருக்கு அப்படி ஆகியிருக்கிறது. ஒருவர் இப்போது கல்யாணத்துக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடியிருக்க வேண்டும். செய்யவில்லை. பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தேன். ஆமாம், பையிலேயே வைத்திருந்தேன். தோல் கட்டுகளுக்கு நடுவே, கையோடு கொண்டுபோயிருந்த கிட்டாரை வைத்து, மீட்டரின் இரண்டு ஊசிகளையும் தொட்டு, எண் எவ்வளவு ஏறுகிறது பாருங்கள் பாய் என்று காட்டினேன். கிடங்கில் தோல் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். பாய் மீட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கல்யாணம் மீட்டருக்கா நடக்குது மாப்ள?"

மறுநாள் பட்டறையில் நான் வேலை பார்க்கவில்லை. பேசினேன். பாய்க்குச் சங்கீதத்தின் விஞ்ஞானம் தெரியாது, பேட்காரருக்கு எதுவுமே தெரியாது, மதுரைக்காரர் வைத்திருப்பது எந்த மரம் தெரியுமா, இப்போதைக்கு என் குறை ஆம்ப்பில்தான் இருக்கிறது, உள்ளே பல்பு எரிகிற பழைய மாதிரி ஆம்ப் ஒன்று கிடைத்தால் கதையே வேறு. என் மனைவி காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். கை ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. உதடு மட்டும் சுற்றை எண்ணிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆத்தூரிலிருந்து போன். மோட்டார் ஓடுது, தண்ணி வரல, செத்த கேளு அப்பு என்று சொல்லிவிட்டு வழக்கம்போலப் போனை மோட்டார்மேல் வைத்துவிட்டார். கண்ணை மூடினேன். மோட்டார் வெட்டியாக, ஒரு பாரமும் இல்லாமல், விசில் அடித்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தது. மோட்டாருக்கு ஒரு கேடும் இல்லை, உறிஞ்சுகிற குழாயில் தண்ணீர் நிற்காமல் கீழே இறங்கிவிடுகிறது, குழாயின் அடிநுனியில் இருக்கிற கால் வால்வைப் பாருங்கள் என்றேன். கால் மணி நேரத்தில் திரும்பப் பேசினார். கால் வால்வில் சருகு அடைத்துக்கொண்டு மூடாமல் நின்றதாம். நீ நல்லா இருப்ப அப்பு என்றார். போனை வைத்துவிட்டு, பார்த்தாயா என்கிற தோரணையில் மனைவியைப் பார்த்தேன்.

அவள் கையை நிறுத்தவில்லை. "அவருகிட்ட அந்த மோட்டாருக்கு எத்தன சுத்துன்னு கேட்டீங்களா?"

"இல்ல."

"என்ன கம்பி, என்ன இரும்புன்னு?"

"எதுக்குக் கேக்கணும்?"

"பெறகு எப்படிச் சொன்னீங்க?"

"காதுல கேட்டுச்சு, சொன்னேன்."

சுற்றிக்கொண்டிருந்த காயிலை முடித்து, நுனியை முடிச்சுப் போட்டு வைத்துவிட்டு, முந்தானையில் கை துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் போனை எடுத்து எதையோ தேடினாள். போன வாரம் சின்னாளபட்டியில் ஒரு காதுகுத்தில் நாங்கள் வாசித்ததை, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பதிவு செய்து வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. போனை என் காதோடு சேர்த்து வைத்தாள், ஆத்தூர்க்காரர் மோட்டார்மேல் வைப்பது மாதிரியே.

"இதுக்கு என்ன கோளாறு, சொல்லுங்க."

அது என் கிட்டார்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் இருபது வருஷத்துப் பழக்கம் பொல்லாதது. போன் காதில் வந்தால் கண் தானாக மூடிக்கொள்கிறது, கண் மூடினால் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. பாடகர் குரல் கேட்டது, பேட் கேட்டது, பாயின் கீபோர்டு கேட்டது. நடுவில் ஒரு சாக்குமூட்டை நகர்ந்துகொண்டிருந்தது.

"காயில் ஜாஸ்தி சுத்திருக்கு" என்றேன். "எந்தக் கூமுட்ட சுத்துனது?"

"அவரு இங்கனதான் இருக்காரு" என்றாள். "டீ குடிச்சிட்டு இருக்காரு."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

ஒரு மனுஷனுக்கு உண்மை தெரியவருகிற நேரத்தில் இடி இடிக்கும், மழை பெய்யும் என்றெல்லாம் நினைத்திருக்கிறேன். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. சந்தில் ஒரு ஆட்டோ ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அதன் கிளட்ச் வயர் இன்னும் இரண்டு நாள் தாங்காது என்று என் காது சொன்னது. அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் ஓடுகிற எல்லாவற்றையும் கேட்கிற காது, மூன்று மாசமாக நான் வாசித்ததை மட்டும் கேட்காமல் இருந்திருக்கிறது. கேட்காமல் இல்லை. கேட்டுவிட்டு, மீட்டரைப் பார்த்துப் பயந்து, பேசாமல் இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. புதுசாக எதையும் வாங்குவதில்லை, கூடச் சுற்றியதை அவிழ்ப்பது என்று முடிவானது. அவிழ்க்க முடிந்ததற்குக் காரணம் அந்த வார்னிஷ் கடைக்காரர். அன்றைக்கு அவர் ஒழுங்காகச் சரக்குக் கொண்டுவந்து, நான் பிக்கப்பை முக்கி எடுத்திருந்தால் கம்பி கல்லாக இறுகியிருக்கும்.

எவ்வளவு அவிழ்ப்பது? கைப் பழக்கத்தில் மீட்டரைத் தேடினேன். காணவில்லை. அவள் அதைச் சாப்பாட்டுக் கூடைக்குள் போட்டு, கூடையைத் தன் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சரி, எத்தனை சுற்று அவிழ்க்கிறாய் என்று எண்ணவாவது செய்யலாமா என்றேன். வேண்டாம் என்றாள். என்னை அவளுக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னாள். எவ்வளவு கம்பி கீழே கிடக்கிறது என்றுகூட நான் பார்க்கக் கூடாதாம். பார்த்தால் அதற்கும் ஒரு வீடியோ இருக்கும் என்றாள்.

மதியம் சாப்பாட்டுக்கு மேல் பட்டறையில் ஆள் வராத நேரம். அவள் கொஞ்சம் அவிழ்ப்பாள், நுனியைச் சுரண்டி ஈயம் உருக்கி சால்டர் வைப்பாள், நான் சொருகி வாசிப்பேன். ஒரே நாலு வரி, திரும்பத் திரும்ப. கழற்றுவோம், கொஞ்சம் அவிழ்ப்பாள், மறுபடி சால்டர், மறுபடி அதே நாலு வரி. பக்கத்துப் பூட்டுக் கடைக்காரர் மூன்றாம் தடவை எட்டிப் பார்த்து, தம்பிக்கு வேற பாட்டுத் தெரியாதா என்று கேட்டுவிட்டுப் போனார். கம்பி இரண்டு தடவை அறுந்தது, அப்போது மட்டும் என்னைத் திரும்ப விட்டாள். என் கண்ணுக்கு அந்த நுனி தெரியவே இல்லை. அவள் நகத்தால் தடவியே கண்டுபிடித்தாள்.

முதல் நாள் முடிவில் போர்வை விலகி முகம் தெரிந்தது. இரண்டாம் நாள் நாலு மணி டீ வருகிற நேரம், தடித்த தந்தியைத் தட்டினேன். பித்தளைக் குடத்தைச் சிமெண்டுத் தரையில் வைத்த மாதிரி ணங்கென்று நின்றது. மெல்லிய தந்திக்குப் போனேன். கடுகு வெடித்த மாதிரி ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெறித்தது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? இன்னும் கொஞ்சம் அவிழ்த்தால் இன்னும் தெளிவாகுமோ என்றேன்.

அவள் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "ஒரு மோட்டார் இப்படிச் சத்தம் போட்டா என்ன செய்வீங்க?"

"ஆளக் கூப்பிட்டுக் குடுத்தனுப்பிருவேன்."

"அப்பக் குடுத்தனுப்புங்க."

நுனியை வெட்டினாள். கம்பி அசையாமலிருக்க மெழுகுவர்த்திகளைக் கிண்ணத்தில் உருக்கி, பிக்கப்பை அதில் முக்கி எடுத்துக் கிட்டாரில் மாட்டினோம். அவிழ்த்த கம்பியை ஒரு தகர மூடியில் சுருட்டி வைத்திருந்தாள். பெரிய இட்லி அளவு இருந்தது. அவ்வளவையும் நான் எதற்குச் சுற்றினேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பாயின் கிடங்கு மாடியில் கூடினோம். மதுரைக்காரர் முன்னாலேயே வந்திருந்தார். அவரைப் பற்றி நாலு கேலி எழுதலாம் என்று ஆசைதான், மனுஷன் அதற்கு இடமே கொடுக்கவில்லை. தன்மையான ஆள், விரல் வேகம் என்னைவிடக் கூட. நான் வீடியோவில் மட்டுமே பார்த்து ஏங்கிய மரத்தில் செய்த கிட்டார், காலடியில் வரிசையாக ஆறேழு எஃபெக்ட் பெட்டி. பெண்ணின் அப்பா நத்தத்திலிருந்து கிளம்பிவிட்டார், வந்துகொண்டே இருக்கிறார் என்று பாய் சொன்னார். அதுவரைக்கும் ஒரு தடவை பார்த்துக்கொள்வோம் என்று ஆரம்பித்தோம்.

அவர் முதலில் வாசித்தார். தனியாக வாசித்தபோது அந்த மாடியே மாளிகை மாதிரி இருந்தது. குழுவோடு சேர்ந்ததும் அந்த மாளிகையைப் பேட்டும் கீபோர்டும் மறைத்துவிட்டன. அவர் வாசித்ததில் தப்பே இல்லை. அவர் எங்கே என்றுதான் தெரியவில்லை.

அடுத்து நான். ஆம்ப்பின் குமிழ்களுக்குப் பக்கத்தில், எது எந்த எண்ணில் இருக்க வேண்டும் என்று வீடியோவைப் பார்த்து ஒரு சீட்டு ஒட்டியிருந்தேன். அதைக் கிழித்தேன். பாயை வாசிக்கச் சொன்னேன், பேட்காரரை வாசிக்கச் சொன்னேன். அவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடிக்கொண்டு, கிட்டாரைத் தட்டித் தட்டி, குமிழ்களைத் திருகினேன். தனியாகக் கேட்டால் கொஞ்சம் மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு சத்தம். அந்தக் கூட்டத்தில் அதற்கென்று ஒரு சந்து இருந்தது. அதற்குள் போய் நின்றுகொண்டது. பாட்டை ஆரம்பித்தோம். பேட்காரர் இரண்டாவது வரியில் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அவர் கேலி செய்யாமல் இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன், கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

பாட்டு முடிகிற நேரம் படியில் கால் சத்தம். பெண்ணின் அப்பா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறி வந்தார். வந்து அரை மணி நேரம் ஆகிவிட்டதாம். தோல் வாடைக்கு மாடி ஏற முடியாமல் கீழே டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். பாய் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, இரண்டு பேரையும் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்வதாகச் சொன்னார்.

"வேண்டாம், அங்கனருந்தே கேட்டேன்" என்றார் அவர். "மொத வாசிச்சவரு நல்லாத்தான் வாசிச்சாரு. ஆனா பாட்டுக்குள்ள அவரத் தேட வேண்டியிருந்துச்சு. ரெண்டாவது வாசிச்சாரு பாருங்க, அவரு டீக்கடைக்கே வந்துட்டாரு. அவரே நிக்கட்டும். யாரு அது?"

நாற்பத்தாறு வயது ஆள் நான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன்.

கலையும்போது மதுரைக்காரர் என் கிட்டாரைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டார். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளைவுட்டா என்றார். பிளைவுட்டுதான் என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல்லைத் தலை நிமிர்ந்து சொன்னேன். பிக்கப் எங்கே வாங்கினது என்றார். எங்கள் வீட்டில் சுற்றினது என்றேன். எத்தனை சுற்று? தெரியாதுங்க. எத்தனை ஓம் காட்டுது? அளக்கலைங்க. அவர் சிரித்துக்கொண்டே, சரி சரி, தொழில் ரகசியத்தைச் சொல்ல மாட்டீங்க என்றார். திண்டுக்கல்லில் ஒரு வைண்டிங்காரரிடம் ஏதோ சூத்திரம் இருக்கிறது என்று மதுரையில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அப்படி ஒன்றும் இல்லை என்று ஒரு போன் போட்டுச் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். நாள் தள்ளிக்கொண்டே போகிறது.

நத்தத்தில் ரிசப்ஷன் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பமானது. மண்டபத்தில் எள் போட இடமில்லை. என் மனைவி மூன்றாவது வரிசை கிடைக்காமல் பந்திக்குப் போகிற வழியில் நின்றிருந்தாள். நாலாவது பாட்டு, மாந்தோப்புக்காரர் பட்டியலில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்த பாட்டு. நடுவில் கிட்டார் தனியாக எட்டு வரி போகும், பிறகு அதையே இன்னொரு தடவை வாசித்து முடிக்க வேண்டும்.

குழுவில் வாசிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். மேடையில் யாரும் தன் சத்தத்தைக் குறைத்துக்கொள்ள மாட்டார்கள். கூட்டுவார்கள். அடுத்தவன் கூட்டினால் இன்னும் கூட்டுவார்கள். பாய் நல்லவர், தாராள மனசுக்காரர், ஊரில் நாலு பேருக்குக் கல்யாணமே செய்து வைத்திருக்கிறார். ஆனால் கீபோர்டில் உட்கார்ந்துவிட்டால் அவரும் அந்தச் சாதிதான். பதினைந்து வருஷத்தில் எவருக்காகவும் அவர் தன் வால்யூமைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

நான் எட்டு வரியை ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில் ஓரக்கண்ணால் பார்த்தேன். பாயின் வலது கை வாசித்துக்கொண்டே இருந்தது. இடது கை மட்டும் கீபோர்டுக் கட்டையிலிருந்து எழுந்து, வால்யூமைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கியது. மண்டபத்தில் என் கிட்டார் மட்டும் கேட்டது.

நான் பார்க்காத மாதிரியே வாசித்தேன். இரண்டு தடவை வாசிக்க வேண்டியதை மூன்று தடவை வாசித்தேன்.